ஒலிம்பிக்கை எதில் பார்ப்பது, எந்தக் கணக்கில் எண்ணுவது?

2024 ஆகஸ்ட் 9 காலையில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் மன்றத்துக் கரும்பலகையை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினார்கள். முந்தின நள்ளிரவில்தான் பாரிசில் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி முடிந்திருந்தது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். நீரஜ் சோப்ராவுக்கு 89.45 மீட்டரில் வெள்ளி. கிரெனடா என்ற கரீபியத் தீவு நாட்டின் ஆண்டர்சன் பீட்டர்சுக்கு 88.54 மீட்டரில் வெண்கலம்.

பலகை எழுதும் பையன் கைபேசியில் வந்த பட்டியலைப் பார்த்து, ஒரே ஒரு பதக்கம் வாங்கிய பாகிஸ்தானை மேலேயும், அதுவரை ஐந்து வாங்கியிருந்த இந்தியாவைக் கீழேயும் எழுதினான். சாயா குடிக்க வந்த பெரியவர் ஒருவர், "ஒன்று பெரிதா, ஐந்து பெரிதா? கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?" என்று கேட்டு, அழித்துவிட்டு இந்தியாவை மேலே ஏற்றினார். பொறியியல் படிக்கும் இன்னொரு பையன் வந்து அதையும் அழித்தான். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் முதலிடம் கிரெனடாவுக்குத்தான் என்று அவன் எழுதினான். பாரிஸ் மேடையில் யார் முதல் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. எங்கள் பலகையில் மட்டும் அந்த மூன்று பேருமே முதல்.

அந்த இரவில் வேறொரு சண்டையும் நடந்தது. நாங்கள் மன்றத்தில் ஒரு கைபேசிச் செயலியை டிவியோடு இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டில் டிஷ். நீரஜின் இரண்டாவது எறிதலுக்கு அங்கே கூச்சல் கிளம்பி முடிந்து, அரை நிமிடம் போன பிறகுதான் எங்கள் திரையில் அவர் ஓடவே தொடங்கினார். "அடுத்த முறைக்கு மன்றப் பணத்தில் ஒழுங்காக ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள்" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொருளாளராக இருப்பதன் பலன் இது.

அடுத்த முறை என்பது 2028 ஜூலை 14 முதல் 30 வரை, லாஸ் ஏஞ்சலிஸில். எதில் பார்ப்பது என்று எங்கள் மன்றத்தில் மட்டும் கேட்கவில்லை. தூத்தூர்ப் பக்கத்துக் கால்பந்து நண்பர்கள் கேட்கிறார்கள், மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் உறவினரும் கேட்டுவிட்டார். எந்தப் பட்டியலைப் பலகையில் தொங்கவிடுவது என்பது இரண்டாவது கேள்வி. இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கப் பார்க்க, ஒன்றை விட்டு மற்றதை முடிவு செய்ய முடியாது என்று தெரிந்தது.

## முதலில் அளவுகோல்கள்

நேரம். லாஸ் ஏஞ்சலிசுக்கும் நமக்கும் ஜூலை மாதத்தில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே அன்றிரவு 9.30. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருந்ததால், 2021 ஆகஸ்ட் 7 அன்று நீரஜ் 87.58 மீட்டர் எறிந்த தங்கத்தை மாலைச் சாயாவோடு பார்த்தோம். பாரிஸ் அதே மூன்றரை மணி நேரம் பின்னால் இருந்ததால் நள்ளிரவு வரை விழித்தோம். லாஸ் ஏஞ்சலிஸில் மாலையில் நடக்கும் இறுதிப் போட்டிகள் நமக்குக் காலை ஆறு முதல் பத்து மணிக்குள் வந்து விழும். பிள்ளைகளுக்குப் பள்ளி, நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு பஸ், மலையோரத்தில் மழை ஓய்ந்த நாளாக இருந்தால் ரப்பர் பால் வடிப்பு.

கடற்கரை ஊர்களின் கணக்கு வேறு. இப்போதைய வழக்கம் மாறாவிட்டால், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பார்கள். தடை முடிவதற்கு முந்தின நாள் ஒலிம்பிக் முடிகிறது. அட்டவணை போட்டவர்கள் எங்கள் மீனவ ஊரான வள்ளவிளையைக் கேட்டுத்தான் போட்டார்களோ என்று தோன்றும்.

யாரைக் காட்டும். ஒலிம்பிக்கில் கேமரா பிடிப்பது நம் நாட்டுச் சேனல் அல்ல. சர்வதேச ஒலிம்பிக் குழு 2001-இல் தொடங்கிய 'ஒலிம்பிக் பிராட்காஸ்டிங் சர்வீசஸ்' என்ற நிறுவனம் எல்லாப் போட்டிகளையும் படம்பிடித்து உலகுக்கெல்லாம் ஒரே காட்சியாகத் தருகிறது. ஒவ்வொரு நாட்டிலும் உரிமை வாங்கியவர் அதிலிருந்து எதை எடுத்துப் போடுவது என்று தீர்மானிக்கிறார். ஆகவே வடிகட்டி இரண்டு: முன்னணியில் இருப்பவரைத் தேடும் உலகக் கேமரா, பதக்க வாய்ப்பைத் தேடும் உள்ளூர்ச் சேனல். இரண்டையும் தாண்டித்தான் நம் ஆள் திரைக்கு வர வேண்டும். நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை வைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர். பாரிஸ் தகுதிச் சுற்றில் அவருக்கு இருந்தது மூன்று தாண்டல்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த சேனலில் ஒன்றுகூட வரவில்லை. 7.61 மீட்டர் என்ற முடிவை மறுநாள் செய்தித்தாளில் படித்தேன்.

செலவு. வாங்கும் விலை மட்டுமில்லை, வாங்கிய பிறகு வரும் செலவும்.

மழையும் மின்சாரமும். ஜூலை என்றால் நமக்குத் தென்மேற்குப் பருவமழை. சென்னையில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கூட்டம். தனியாகப் பார்ப்பதா, சேர்ந்து பார்ப்பதா. வர்ணனையின் மொழியும் ஓர் அளவுகோல்தான், ஆனால் எங்கள் மன்றத்தில் வர்ணனையாளரின் குரலை யாரும் கேட்டதாக நினைவில்லை.

## வழி 1: தூர்தர்ஷனும் இலவச டிஷ்ஷும்

தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் நேரலையைத் தனியார் உரிமையாளர், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. ஒலிம்பிக் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உரிமை யார் கைக்குப் போனாலும் தூர்தர்ஷனில் ஏதாவது வரும் என்ற உறுதி அதனால்தான். டிஷ், பெட்டி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். அதற்குப் பிறகு மாதச் சந்தா கிடையாது.

மறைந்திருக்கும் சிக்கல்களில் முதலாவது பலருக்குத் தெரியாது. பகிரப்படும் நேரலையைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே போடலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கு கிரிக்கெட்டை ஒட்டி வந்தது. ஆகவே "எங்கள் கேபிளிலேயே தூர்தர்ஷன் ஸ்போர்ட்ஸ் வருகிறதே, தனி டிஷ் எதற்கு?" என்று நினைத்துச் சும்மா இருந்தால், போட்டி நேரத்தில் அங்கே வேறு நிகழ்ச்சி ஓடக்கூடும். இரண்டாவது, சேனல் ஒன்றுதான். ஒரே நேரத்தில் பதினைந்து இடங்களில் போட்டி நடக்க, நாம் பார்ப்பது ஒன்று. மூன்றாவது மழை. கருமேகம் அடர்த்தியாகத் திரண்டால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இது எந்த நிறுவனத்தின் டிஷ்ஷுக்கும் பொது. ஆனால் நமக்கு மழை மாதத்தில் ஒலிம்பிக் என்பதால் சொல்கிறேன். வர்ணனை பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

பதக்க வாய்ப்புள்ள போட்டிகள் மட்டும் போதும், செலவு கூடாது, கைபேசிச் சிக்னல் சரியாகக் கிடைக்காத பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்தில் வீடு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. தாமதமும் குறைவு. கூச்சல் முதலில் உங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பும்.

## வழி 2: கேபிள் அல்லது டி.டி.எச்-இல் கட்டணச் சேனல்

உரிமை வாங்கிய நிறுவனம் பல சேனல்களில் பிரித்துப் போடும் என்பது இதன் பலம். படம் துல்லியம், காட்சிகளும் அதிகம்.

பலவீனம், உரிமை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2016-இல் ஸ்டார், டோக்கியோவுக்கு சோனி, பாரிசுக்கு வயாகாம்18. மூன்று ஒலிம்பிக், மூன்று கை. போன முறை எந்தச் சேனலில் பார்த்தோமோ அதையே நம்பி ஓர் ஆண்டுக்குக் கட்டணம் கட்டுவது, போன வருடம் மீன் பட்ட இடத்தில் வலையை விரித்துவிட்டுத் தூங்குவதைப் போன்றது. 2028 மே மாதம் வரை யாரும் எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் இருக்கிறது. 1900-க்குப் பிறகு முதன்முறையாக லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட் வருகிறது. ஆடவர், மகளிர் இரண்டிலும் தலா ஆறு அணிகள், இருபது ஓவர் ஆட்டம், ஜூலை 12 தொடங்கி 29 வரை. அங்கே காலை 9 மணிக்கும் மாலை 6.30-க்கும் ஆட்டங்கள். நமக்கு அது இரவு 9.30, காலை 7. விளம்பரதாரர்கள் கனவு காணும் நேரம் இதுதான். இந்தியா தகுதி பெற்றுவிட்டால் முதன்மைச் சேனலில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எது வரும்? துடுப்புப் படகும் வில்வித்தையும் நான்காவது சேனலுக்கோ, செயலிக்கோ தள்ளப்படும் என்று நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன். கிரிக்கெட்டுக்காகவே பார்க்கப் போகிறவருக்கு இந்த வழிதான் சரி. மற்றவர்கள் சேனல் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கட்டணம் செலுத்தலாம்.

பணம் கொடுப்பவர் நேரத்தையும் வாங்கிக்கொள்கிறார் என்பது ஒலிம்பிக்கில் புதிதல்ல. 2008-இல் பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் நடத்தினார்கள். காரணம் அமெரிக்காவில் அது இரவு நேரம், அங்குள்ள என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

## வழி 3: கைபேசிச் செயலி

எனக்கு நம் ஆளைப் பார்க்க வேண்டும், அவர் முப்பதாவது இடத்தில் வந்தாலும் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதுதான் வழி. பல களங்களின் நேரலை தனித்தனியாகக் கிடைக்கும். பார்க்கத் தவறியதைப் பிறகு போட்டுப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு பஸ்சில் நிற்கிறவருக்கு அது பெரிய வசதி.

பாரிஸ் சமயத்தில் செயலியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் மீனவ நண்பர் ஒருவர், மார்சேய் கடலில் நடந்த பாய்மரப் படகுப் போட்டியைத் தேடிப் பிடித்தார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அதில் போட்டியிட்டார். டிவியில் அந்தப் போட்டியை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நண்பரோ ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "காற்று திரும்புவதற்கு முன்பே பாயைத் திருப்புகிறாளே, யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். கச்சான் காற்றில் வள்ளம் ஓட்டியவரின் பாராட்டு அது. எந்தப் பதக்கப் பட்டியலிலும் ஏறாது.

மறைமுகச் செலவுகள்: துல்லியமான படம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.யை எளிதில் விழுங்கும். அன்றாட டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். தாமதம் இருக்கவே இருக்கிறது, எதிர்வீட்டுக் கூச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. பாரிசில் செயலி இலவசமாகக் கிடைத்தது. டோக்கியோவில் சந்தா கேட்டார்கள். 2028-இல் எப்படி என்பதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். அப்போது சந்தா கட்டினால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி நிறுத்திவிடாதீர்கள். ஆகஸ்ட் 15 முதல் 27 வரை அதே நகரில் பாராலிம்பிக் நடக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்கில் 29. அவற்றில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மாரியப்பன் தங்கவேலு என்று நான்கு தமிழர்கள் தனித்தனியே வாங்கிய பதக்கங்கள் உண்டு. வெற்றிக்கு ஏங்குகிற ரசிகர் எப்படி அந்தப் பதிமூன்று நாளை விடுகிறார் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

## வழி 4: மன்றத்துப் பொதுத் திரை

சேர்ந்து பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை, அதில் எனக்கு நடுநிலை கிடையாது. ஆனால் செலவு அதிகம், விதிகளும் உண்டு.

வீட்டுக்கு வாங்கிய சந்தா வீட்டுக்குத்தான். பொது இடத்தில் காட்டுவதற்கு முன் நிபந்தனைகளைப் படித்து அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவை மீறியதாகிவிடும். "நாற்காலிக்குப் பத்து ரூபாய்" என்று யாராவது யோசனை சொன்னால் பொருளாளர் எழுந்து நின்று மறுக்க வேண்டும்.

புரொஜெக்டர் வாங்கலாம் என்று இளைஞர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். பாரிஸ் இரவில் அது நன்றாக இருந்திருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் இறுதிப் போட்டிகள் வருவதோ நமக்குக் காலை வெளிச்சத்தில். வெளிச்சத்தில் சுவரில் விழும் படம் வெளுத்துப் போகும். முற்றத்தில் திரை கட்டினால் மழை. அதே பணத்தில் ஒரு பெரிய டிவியும் ஓர் இன்வெர்ட்டரும் வாங்குவதே புத்திசாலித்தனம். காற்றில் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று கேட்க நமக்கே வெட்கமாக இருக்கும்.

கடற்கரை ஊர்களுக்கு இதுதான் சிறந்த வழி, தடைக்காலத்தில் ஆட்கள் ஊரில் இருப்பதால். உள்நாட்டு ஊர்களில் காலை ஏழு மணிக்கு மன்றத்துக்கு வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

வானொலியும் செய்தித்தாளும் பற்றி ஒரு வரி: முடிவுகளுக்கு இன்றும் போதும்.

| | இலவச டிஷ் | கட்டணச் சேனல் | செயலி | பொதுத் திரை |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | கைபேசி இருந்தால் இல்லை | அதிகம் |
| தொடர் செலவு | இல்லை | மாதந்தோறும் | டேட்டா, ஒருவேளை சந்தா | மின்சாரம், சந்தா |
| பதக்கப் போட்டிகள் | பெரும்பாலும் | வரும் | வரும் | இணைப்பைப் பொறுத்தது |
| தகுதிச் சுற்றில் நம்மவர் | அரிது | சில நேரம் | வாய்ப்பு அதிகம் | இணைப்பைப் பொறுத்தது |
| தாமதம் | குறைவு | குறைவு | அரை நிமிடம் வரை | இணைப்பைப் பொறுத்தது |
| மழையில் | உடையும் | டிஷ் என்றால் உடையும் | சிக்னல் இருந்தால் தாங்கும் | கூரையும் இன்வெர்ட்டரும் வேண்டும் |
| காலை 7 மணிக்கு | வீட்டில் இருப்பவருக்கு | வீட்டில் இருப்பவருக்கு | எங்கும் | கடற்கரை ஊருக்கு |

## இனி பலகை: நான்கு கணக்குகள்

ஒலிம்பிக் சாசனத்தின் 6-ஆவது விதி, போட்டி வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையேதான், நாடுகளுக்கு இடையே அல்ல என்கிறது. இதை நான் ஒருமுறை மன்றத்தில் வாசித்துக் காட்டினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி எண்ணுவது?

### தங்க வரிசை

தங்கம் முதலில், சமமானால் வெள்ளி, பிறகு வெண்கலம். நம் செய்தித்தாள்கள் பின்பற்றுவது இது. பாரிசில் அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி அதிகம் என்பதால் முதலிடம். உச்சத்தில் இருக்கும் நாடுகளை ஒப்பிட இது பொருத்தம். பட்டியலின் நடுவுக்குக் கீழே வந்தால் வேடிக்கை தொடங்கும். ஒரு தங்கத்தோடு பாகிஸ்தான் 62-ஆம் இடம், ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமும் வாங்கிய இந்தியா 71. முந்தின டோக்கியோவில் ஏழு பதக்கத்தில் ஒன்று தங்கம் என்பதால் 48. ஒரு பதக்கம் குறைந்ததற்கு 23 படி இறக்கம்.

### மொத்த எண்ணிக்கை

அமெரிக்க ஊடகங்களின் வழக்கம் இது. எங்கள் பெரியவரின் வழக்கமும். பாரிசில் பிரிட்டன் 65 பதக்கம் வாங்கியது. மொத்தத்தில் மூன்றாம் இடம், தங்கமோ 14 என்பதால் தங்க வரிசையில் ஏழாம் இடம். ஆழமாகப் பல விளையாட்டுகளில் வளரும் நாட்டுக்கு இந்தக் கணக்கு நியாயம் செய்யும். ஆனால் தங்கமும் வெண்கலமும் ஒன்று என்று யார் ஒப்புவார்கள்? அதோடு, நம் ஹாக்கி அணி முழுவதும் சேர்ந்து ஓடி வாங்கியது பட்டியலில் ஒரே ஒரு வெண்கலம். பிரான்சின் லியோன் மார்ஷான் தனி ஆளாக ஒரே வாரத்தில் நீந்தி வாங்கியது நான்கு தங்கம். நீச்சல் குளம் உள்ள நாடுகளுக்குச் சாதகமான கணக்கு என்று இதைச் சொல்லலாம்.

### மக்கள்தொகைக் கணக்கு

கிரெனடாவின் மக்கள் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவில் நகரத்தில் மட்டும் அதைவிட அதிகம். ஈட்டியிலும் பத்து வகைத் தடகளத்திலுமாக அவர்களுக்கு இரண்டு வெண்கலம். அதே விகிதத்தில் 18,70,374 பேர் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் முப்பது பதக்கம் வந்திருக்க வேண்டும். எங்கள் பொறியியல் பையன் இதைச் சொன்னபோது சாயாக் கடையே ஒரு நிமிடம் பேச்சற்றுப் போனது.

ஆனால் அவன் விட்டுவிட்டது ஒன்று உண்டு. தடகளம் போன்ற தனிநபர்ப் போட்டிகளில் ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர்தான் போகலாம். குழு விளையாட்டில் ஓர் அணிதான். பாரிசில் மொத்தம் 329 பதக்கப் போட்டிகள். மக்கள்தொகை ஆயிரம் மடங்கானாலும் ஈட்டி எறிய அனுப்பக்கூடியவர் எண்ணிக்கை ஆயிரம் மடங்காகாது. பெரிய நாடு இந்தக் கணக்கில் தோற்றே தீர வேண்டும். கர்வத்தை அடக்க நல்ல மருந்து, அளவுகோலாக அரைகுறை.

### தன் பழைய கணக்கோடு ஒப்பிடுவது

நான் பலகைக்குப் பரிந்துரைப்பது இதை. 2008-இல் 3, 2012-இல் 6, 2016-இல் 2, டோக்கியோவில் 7, பாரிசில் 6. இந்த வரிசையோடு நான்காம் இடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். பாரிசில் இந்தியர்கள் ஆறு போட்டிகளில் நான்காவதாக வந்தார்கள். பளுதூக்குதலில் மீராபாய் சானு ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டார். முன்பு இதே லாஸ் ஏஞ்சலிஸில், 1984-இல், பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியின் நூறில் ஒரு பங்கில் நான்காவதானார். அவர் கேரளக்காரர் என்றாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொந்த வீட்டு இழப்பைப்போல் அதைச் சொல்வார்கள். டோக்கியோவில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் ஆடவர் அணி 3 நிமிடம் 0.25 வினாடியில் ஆசிய சாதனையே படைத்தது. லால்குடி ஆரோக்கிய ராஜீவ் அதில் ஓடினார். இறுதிக்குத் தகுதி இல்லை, பட்டியலில் சுழியம்.

பழைய கணக்கில் எனக்குப் பிடித்த வரி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். பிறகு யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம். தூத்தூரிலும் குளச்சலிலும் மணலில் பந்து உதைக்கும் பையன்களிடம் சொன்னால் நம்புவதில்லை. மூன்று கணக்கிலும் அந்த அணி இல்லாததால் அவர்கள் கேள்விப்பட வழியும் இல்லை.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். "போன முறையைவிடப் பரவாயில்லை" என்று எதையும் மழுப்பவும் இது இடம் கொடுக்கும். 2016-இல் இரண்டு பதக்கம் என்பதை எந்த நான்காம் இடத்தாலும் மறைக்க முடியாது.

## எந்தக் கணக்குக்கு எந்தத் திரை

தங்க வரிசைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இலவச டிஷ் போதும். பதக்கம் வரும் வாய்ப்பு இருந்தால் அவர்கள் காட்டிவிடுவார்கள். மொத்தமும் வேண்டும், கிரிக்கெட்டும் வேண்டும் என்பவர் கட்டணச் சேனலுக்குப் போகலாம், உரிமை யாருக்கு என்று தெரிந்த பிறகு. நான்காவது கணக்கை எழுத நினைப்பவருக்குச் செயலியைத் தவிர வழியில்லை, ஏனென்றால் தகுதிச் சுற்றில் பதினேழாவதாக வந்து சொந்தச் சாதனையை முறியடித்தவரை வேறு எந்தத் திரையும் காட்டாது. மக்கள்தொகைக் கணக்குக்கு டிவியே வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

எங்கள் மன்றத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது: ஓர் இலவச டிஷ், ஓர் இன்வெர்ட்டர், இருக்கிற டிவி. புரொஜெக்டர் கிடையாது. நம்மவர் போட்டிகளை அவரவர் கைபேசியில் பார்த்து முடிவைப் பலகைக்குக் கொண்டுவர நான்கு பேர், அதில் பாய்மரப் படகு மீனவ நண்பரின் பொறுப்பு. பலகையில் நான்கு பத்தி.

கூட்டத்தில் இது நிறைவேறியது, ஒரே ஒரு எதிர்ப்போடு. தொடக்க விழா நமக்கு ஜூலை 15 காலையில் வருகிறது, அன்று ஆறு மணிக்கே வந்து மூன்று பத்தியை அழித்துவிடுவேன் என்கிறார் எங்கள் பெரியவர். மன்றத்துச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. டஸ்டரை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.